சிவப்புக் கோட்டுக்கு மேலே மாவு

அன்று வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வேலி விளக்குகள் அணைந்தன. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், ஆறு மணியிலிருந்து நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் வசந்தா மலாக்காவிலிருந்து வரவேண்டிய பஸ் இன்னும் வரவில்லை. தோட்டத்து கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிட்டார்கள். அதற்கு மேல் வேலிக்கு வெளியே அசைவது எதுவானாலும் சுடலாம் என்று கேட்டில் நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரர்களுக்கு உத்தரவு. விளக்கு எரியும்வரை, அசைவது காட்டுப்பன்றியா, துப்பாக்கி ஏந்திய ஆளா, பள்ளிக்கூடப் பையைச் சுமந்து வரும் பெண்ணா என்று அவர்களால் பார்த்துச் சொல்ல முடியும். விளக்கு அணைந்துவிட்டால் முடியாது.

விளக்கை அணைத்தது அக்காவின் மாவு பிசையும் மெஷின்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் தோட்டத்து டிரசரின் மனைவியை. மலாயாவில் மெர்லிமாவுக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் தோட்டம் அது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஊசி, மருந்து, பிரசவம் அனைத்துக்கும் டிரசர்தான். அதனால் லயங்களில் குடியிருந்த தொழிலாளர்களுக்கு அவர் மனைவி டிரசரம்மா. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியாரான எனக்கும் என் மனைவிக்கும் அக்கா. வசந்தாவுக்குப் பெரியம்மா. என்னை அவர் தம்பி என்பார். கோபம் வந்தால் மட்டும் வாத்தியாரே என்பார்.

அவருக்குக் குறைத்துச் சமைக்கத் தெரியாது. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய எல்லாமும் இந்த ஒன்றில் வந்து முடியும். பிள்ளைகள் இல்லாத வீடு அது. புருஷனும் மனைவியுமாக இரண்டே பேர். ஆனால் அந்த வீட்டு அடுப்பில் ஏறும் பானை ஏழெட்டுப் பேருக்கு உண்டானது. டிரசர் சாதுவான மனிதர். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, மீதமிருக்கும் சோற்றைப் பார்த்து, நாம ரெண்டு பேருதானே என்று மெல்லக் கேட்பார். அதற்கு அக்காவிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

"இப்போதைக்கு ரெண்டு பேரு."

இதற்குப் பலரும் பல காரணம் சொன்னார்கள். பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள். ஜப்பான்காரன் காலத்தில் பட்டினி கிடந்த பயம் என்றார்கள். சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத தம்பி ஒருவன் இருந்தான், அவனுக்காக எடுத்து வைக்கிறார் என்று கங்காணி வீட்டில் ஒரு கதை ஓடியது. ஒருநாள் நானே கேட்டேன். அவர் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, அதெல்லாம் ஒன்றுமில்லை, எங்கம்மாவும் இப்படித்தான் அள்ளிப் போடுவார்கள், கை அப்படியே பழகிவிட்டது என்றார். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தக் காலத்தில் அதை நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஏனென்றால் அது அவசரகாலம். காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, வெளியே இருப்பவர்களின் வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் வேலி போட்டிருந்தார்கள். அரிசி, கோதுமை மாவு, சீனி எல்லாம் அட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. பால்வெட்டப் போகிறவர்கள் காலைப் பசியாற எதையும் கொண்டுபோக முடியாது. கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் நம் கண்ணெதிரிலேயே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார். சேர்த்து வைக்க முடியாது. அன்றே குடித்தாக வேண்டும். அக்கா ஒருமுறை யோசிக்காமல் மூன்று டின் வாங்கிவிட்டார். அன்று மாலை எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர் குடியிருந்த ஸ்டாப் வீடுகளில் எல்லாரும் ஜவ்வரிசிப் பாயசம் குடித்தோம். கேட்டில் நின்ற மலாய்க் கோப்ரலுக்கும் ஒரு மங்கு போனது. அவர் குழந்தை எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தது என்பதால் அக்காவிடம் அவருக்குத் தனி மரியாதை. ஆனாலும் குடிப்பதற்கு முன் அது எங்கிருந்து வந்த பால் என்று கேட்டுக்கொண்டுதான் குடித்தார்.

முன்பெல்லாம் மீந்ததை ஒரு தட்டில் போட்டு, பின்பக்கக் கிணற்றுக் கட்டில் மூடி வைப்பார். காலையில் தட்டு காலியாக இருக்கும். நாய் தின்றதா, ஆள் தின்றானா, யாருக்கும் தெரியாது. வேலி போட்ட பிறகு டிரசருக்கு அந்தத் தட்டை நினைத்தாலே தூக்கம் போய்விட்டது. ஒரு மாலை பள்ளிக்கு வந்து, நான் சொன்னால் அவர் கேட்கமாட்டேன் என்கிறார், நீங்கள் சொல்லிப் பாருங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். நான் போய்ச் சொன்னேன். அக்கா கிணற்றுக் கட்டிலிருந்த தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டே, இனிமேல் வெளியே வைக்கமாட்டேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் பானையைச் சிறிதாக்கவில்லை; அட்டை அரிசி போதாத நாளில் மரவள்ளியைச் சேர்த்து நிரப்பினார். மிச்சத்தை ஆஸ்பத்திரி வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ரொட்டி அப்படித்தான் வந்தது. மெர்லிமாவிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் ரொட்டிக்காரரைக் கேட்டுக்குள் விடுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல்காரர்களுக்குப் பாலில் நனைத்த ரொட்டிதான் அதுவரை ஆகாரம். வார்டில் படுத்திருந்த பெண் ஒருத்தி கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதை அக்கா பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அளந்து வந்த மாவில் அவரே ரொட்டி சுட்டார். மேலும் கீழும் தணல் போட்ட தகரப் பெட்டிதான் அடுப்பு. மாவு பொங்குவதற்கு எங்கே போவது? கள்ளு ஊற்றிப் பிசைந்தார். தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு மாலையில் டிரசர் வீட்டிலிருந்து ஜக்கு போவதைப் பார்த்து லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி நேரிலேயே, டிரசரய்யாவுக்கா அம்மாவுக்கா என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் இல்லடி, உன் புருஷன் காய்ச்சல்ல படுத்தா அவனுக்குத்தான் என்றார் அக்கா.

கையால் பிசைந்து பிசைந்து அவருக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. டிரசர் துணி சுற்றிக் கட்டிவிட்டார். கட்டுப்போட்ட கையோடும் பிசைந்தார். மெஷின் வாங்கும் யோசனையை முதலில் சொன்னது பாவம் டிரசர்தான்.

அதற்குமுன் கரண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் அதுவரை மண்ணெண்ணெய் விளக்குதான். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, இரவு முழுக்க அதன்மேல் விளக்கு எரியவேண்டும் என்று உத்தரவு வந்ததும் பெரிய இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வேலிக்கு இழுத்த கம்பியிலிருந்தே கிளை பிரித்து ஸ்டாப் வீடுகளுக்கும் கொடுத்தார்கள். எங்களைக் கூண்டில் வைத்த அதே வேலிதான் எங்கள் வீட்டுக்கு வெளிச்சமும் கொடுத்தது. அதை நினைத்து அப்போது சிரித்திருக்கிறோம்.

மலாக்கா கடை ஒன்றிலிருந்து டிரசர் ஒரு படப் புத்தகம் வாங்கிவந்தார். மாவு பிசையும், முட்டை அடிக்கும் மெஷின்கள். இங்கிலீஷில் இருந்ததால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. பல மாலைகள் அதிலேயே போயின. நான் வேகம் எத்தனை, கிண்ணம் எத்தனை என்று படிக்க, அக்கா கேட்கும் எதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. கள்ளு ஊற்றிய மாவு ஒட்டாமல் வருமா என்று கேட்பார். முக்கியமாக, இது எத்தனை பேருக்கு என்று போட்டிருக்கிறதா என்று கேட்பார். அட்டைப் படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கேக்கைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அக்கா விரலை வைத்து எண்ணினார்.

"நாலு பேரு. சரி, இப்போதைக்கு நாலு பேரு. நடுவுல யாராச்சும் கதவத் தட்டுனா?"

அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றேன்.

பார்த்து, பிசைந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்றுவிட்டார். ஆனால் பிசைந்து பார்க்க மாவு வேண்டுமே. மாவைக் கேட்டுக்கு வெளியே எடுத்துப் போனால் குற்றம். இதை நான் சொன்னபோது அவர் தலையாட்டிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் ஏறியபின்தான் தெரிந்தது, என் பள்ளியில் பிள்ளைகள் பொம்மை செய்ய வைத்திருந்த களிமண்ணில் பாதி அவர் கூடைக்குள் இருந்தது. ஈரத் துணியில் சுற்றி, ரொட்டி மாவின் பதத்துக்குப் பிசைந்து கொண்டுவந்திருக்கிறார்.

சாலைத் தடுப்பில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். கூடையைச் சோதித்த போலீஸ்காரர் அந்த உருண்டையைக் கண்டதும் கத்தியை எடுத்து நான்காக வெட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. முகர்ந்து பார்த்தார். இது என்ன என்று மலாயில் கேட்டார். மண் என்றேன். மலாக்காவுக்கு ஏன் மண் கொண்டு போகிறீர்கள் என்றார். மெஷின் பார்க்க என்றேன். அவர் என்னையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். வெயில் அதிகம் என்று நினைத்தாரோ என்னவோ, போகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏறியதும் பின் சீட்டிலிருந்த லயத்துப் பெண்ணொருத்தி, "ஏம்மா, மலாக்காவுல மண்ணு கெடைக்காதா?" என்றாள்.

"கெடைக்கும். நம்ம மாவு மாதிரி இருக்குமான்னு தெரியலயே" என்றார் அக்கா, வெட்டுப்பட்ட நாலு துண்டையும் மறுபடி ஒன்றாக அழுத்திக்கொண்டே.

வசந்தா அப்போது மலாக்காவில் என் மைத்துனர் வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளி மாலை தோட்டத்துக்கு வந்து ஞாயிறு திரும்புவாள். அந்த வாரம் மட்டும் அவளை அங்கேயே இருக்கச் சொல்லி, கடைக்கு அழைத்துக்கொண்டோம். சீனர் கடை. கடை முதலாளியான தவுக்கே இரண்டு மெஷின்களை மேசைமேல் வைத்தார். ஒன்று சிறியது, வெளிர்பச்சை, பார்க்கப் பொம்மை மாதிரி அழகு. மற்றது கனமான இரும்புத் தலையும் வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணமும் கொண்டது. தவுக்கே சிறியதில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து நுரையாக்கிக் காட்டினார். முட்டையை நான் முள்கரண்டியாலேயே அடிப்பேன், மாவு பிசையுமா என்று அக்கா கேட்டார். கட்டாயம் பிசையும் என்றார் அவர். அக்கா கூடையிலிருந்து களிமண்ணை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தவுக்கே இரண்டு கைகளாலும் மெஷின்களை அணைத்துக்கொண்டார். வசந்தா மெல்ல நகர்ந்து, எங்களோடு வராதவள் போல வாசலில் நின்று தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள். மாவு கொண்டுவந்தால் போலீஸ் பிடிக்கும் என்று நான் மலாயில் அரைமணி நேரம் விளக்கினேன். கழுவித் துடைத்துத் தருவோம் என்ற வாக்கின்பேரில் கடைசியில் சம்மதித்தார். சிறியது மண்ணுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது, முனகியது, நின்றது. கருகல் வாடை வந்ததும் தவுக்கே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். பெரியதில் கொக்கி ஒன்று இருந்தது. அது மண்ணைப் பிடித்தது. மேசை ஆடியது. கிண்ணம் நடுங்கியது. ஆனால் சுற்றியது. அக்கா காய்ச்சல் பார்ப்பது போல அதன் தலையில் கட்டுப்போட்ட கையை வைத்தார்.

"இது சொன்னாக் கேக்கும்" என்றார்.

வசந்தா வாசலிலிருந்து திரும்பி வந்தாள். "பெரியம்மா, சின்னதே போதும்லா. ரொம்ப அழகா இருக்கு. நீங்க ரெண்டு பேருதானே."

"இப்போதைக்குத்தாண்டி" என்றார் அக்கா.

தோட்டத்து இஞ்சின்காரர் மெஷினைக் கண்டு தலையில் கை வைத்தார். எங்கள் வீடுகளின் லைனும் முன்பக்க வேலியின் லைனும் ஒரே பியூஸில் இருந்தன. பல்புக்குமேல் எதுவும் போடக்கூடாது என்பது அவர் சட்டம். ஆனாலும் அக்கா கொடுத்த ரொட்டியை ஒருமுறை காய்ச்சலில் தின்றவர் என்பதால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் மாவு, இன்னும் கொஞ்சம் என்று போட்டு ஓட்டிப் பார்த்தார். கிண்ணத்தில் பாதிக்கு மேல் போனதும் பல்பு மங்கியது. மரத்துக்குக் குறி போடும் சிவப்புப் பெயிண்டைக் கொண்டுவந்து, கண்ணாடிக் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் பாதியில் ஒரு கோடு இழுத்தார்.

"அக்கா, இந்தக் கோட்டத் தாண்டுனா வேலி கண்ண மூடிக்கும். அப்புறம் தொரை என் கண்ண மூடிருவாரு."

அக்கா கட்டுப்பட்டார். கோட்டுக்குக் கீழே மாவு, இரண்டு தடவை, மூன்று தடவை. ஆனால் அந்தக் கோட்டை அவர் பார்க்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ தம் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, இத்தனை பேர்தான் உள்ளே வரலாம் என்று சொல்வதைப்போல அதைப் பார்ப்பார்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன், அதற்குப் பின் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேலி இருண்டதற்கு விசாரணை வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து கேட்க, நான் அக்காவுக்காக இங்கிலீஷில் பதில் சொன்னேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய மெஷின் எதற்கு என்றார். அக்காவின் குணத்தை எப்படிச் சொல்வது? இங்கே இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சமைப்பது அவர் வழக்கம் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும்தான் அது அந்த அறையில் எப்படி ஒலித்தது என்று எனக்கே புரிந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து அவரை மீட்க டிரசரும் கோப்ரலும் நானும் பட்ட பாடு பெரிது. கடைசியில் ஜெயில் இல்லை. மெஷினை ஆபீஸ் ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள். டிரசரை அலோர் காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அலோர் காஜா பசாரில் அவரைப் பார்த்தேன். ஒரு கூடை நிறையக் கீரை வாங்கிக்கொண்டிருந்தார். கை எப்படி இருக்கிறது அக்கா என்றேன். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். முன்பைவிட வீங்கியிருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இப்போது வேலியைப் பிரித்துவிட்டார்கள். வசந்தா சுங்கை ரம்பாயில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டால் எங்கள் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்கும். எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறேன். என் மனைவி முதலில் கோபித்துக்கொள்வாள். இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ஐந்தரைக்கு வரவேண்டிய பஸ் ஆறுக்கும் வரவில்லை. கேட்டைப் பூட்டியதும் கோப்ரல், பொறுங்கள், பஸ் எங்காவது நிற்கும் என்று சொல்லி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் உட்கார முடியவில்லை. அக்கா வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே சாலை வளைவுவரை தெரியும். அங்கே போய் நின்றேன். அவர் வார்டுக்கு ரொட்டி பிசைய மாவு அளந்துகொண்டிருந்தார். கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. பஸ் வரவில்லை என்றேன்.

அளந்துகொண்டிருந்த கை நின்றது.

"எங்கயாச்சும் நிறுத்தி வச்சிருப்பானுங்க. பஸ்ஸு ரொப்ப ஆளுங்க இருப்பாங்களே தம்பி. மத்தியானம் சாப்பிட்டதோட இருப்பாங்க. கையில ஏதாச்சும் இருந்தாலும் தடுப்புல புடுங்கியிருப்பானுங்க."

சொல்லிக்கொண்டே மாவு டின்னைச் சரித்தார். வாரக் கடைசிக்கு வைத்திருந்தது முழுவதும் கிண்ணத்துக்குள் விழுந்தது. சிவப்புக் கோட்டுக்கு மேலே வெள்ளையாக ஏறியது. நான் விரலால் கோட்டைக் காட்டினேன்.

"தெரியுது வாத்தியாரே" என்றார். கள்ளை ஊற்றி மெஷினைப் போட்டார்.

கொக்கி மாவைப் பிடித்தது. நன்றாகத்தான் சுற்றியது. மாவு ஒன்றாகத் திரண்டு, பளபளத்து, கிண்ணத்தைவிட்டு விலகி வரும்வரை சுற்றியது. பிறகு உறுமியது. தலைக்கு மேல் பல்பு மஞ்சளானது, சிவப்பானது, இல்லாமல் போனது. ஜன்னலுக்கு வெளியே முன்பக்க வேலி முழுவதும் இருட்டு.

சங்கு ஊதினார்கள். சங்கு ஊதினால் எல்லாரும் தரையில் படுக்கவேண்டும் என்பது பயிற்சி. நான் படுக்கவில்லை. அக்கா இருட்டில் மெஷின் தலையில் கை வைத்தபடி ஒரு கணம் நின்றார். "வசந்தா" என்று மட்டும் சொன்னார். பிறகு எனக்கு முன்னால் ஓடினார்.

கேட்டில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கோப்ரல் எங்கள் இருவரையும் இழுத்து உட்கார வைத்தார். விளக்கு அணைந்தது என்றால் கம்பியை யாரோ வெட்டிவிட்டார்கள், அடுத்தது தாக்குதல். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அக்கா முழங்கைவரை மாவோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில், என் மெஷின், என்னுடைய மெஷின் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. சாலை வளைவில் ஒரு வெளிச்சம் அசைந்தது. பக்கத்திலிருந்த சின்ன வயதுப் போலீஸ்காரர் சுட்டுவிட்டார். ஒரே ஒரு வெடி. வெளிச்சம் அணைந்தது.

அதற்குப் பிறகு சாலையிலிருந்து சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் எனக்குள் இன்னும் முடியாமல் இருக்கிறது. கோப்ரல் அந்தச் சின்ன வயதுக்காரரின் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. மாவு காய்ந்து அவர் கையில் ஓடு மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிய்க்கவும் இல்லை.

இஞ்சின்காரர் பியூஸ் மாற்றியதும் விளக்கு வந்தது. சாலை காலியாக இருந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து லாரி ஹாரன் மூன்று முறை ஒலித்தது. கோப்ரல் விசில் அடித்தார். பதிலுக்கு அங்கேயும் விசில். பிறகுதான் விவரம் தெரிந்தது. பஸ்ஸைத் தடுப்பிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்; சோதனை முடிவதற்குள் ஊரடங்கு நேரம் வந்துவிட்டது. ஆட்களை நடுச்சாலையில் விடமுடியாமல், பக்கத்தில் வேலி உள்ள இடம் எங்கள் தோட்டம்தான் என்று போலீஸ் லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வேலி இருண்டு, சுடும் சத்தம் கேட்டதும் லாரி விளக்கை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டது. குண்டு யார்மேலும் படவில்லை. எல்லாரும் இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு, வெளிச்சத்தில் தெரியும்படி ஒவ்வொருவராக மெதுவாக நடக்கவேண்டும், யாரும் ஓடக்கூடாது என்று உத்தரவு.

வந்தார்கள். சந்தைக்குப் போன சீனக் கிழவி, சரோங் கட்டிய மலாய்க்காரர், லயத்துப் பெண்கள். எல்லாரும் கையைத் தூக்கியபடி. அடுத்து வசந்தா வந்தாள். பள்ளிப் பை கழுத்திலிருந்து முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் ஓடவில்லை. சொன்னபடி மெதுவாகவே நடந்தாள். கேட்டைத் திறந்தார்கள். உள்ளே வந்து என் முன்னால் நின்றபோதும் அவள் கைகள் மேலேதான் இருந்தன.

"அப்பா, இப்ப கைய இறக்கலாமா?"

 அக்காதான் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினார். பள்ளிச் சட்டையின் கையில் மாவு ஒட்டியது. அவளை அணைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இறக்கிய கைகளைப் பிடித்தபடியே, அவள் தோளுக்கு மேலாக, வந்துகொண்டிருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவது தெரிந்தது. பிறகு டிக்கெட் பெட்டியைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி பஸ் கண்டக்டர் வந்தார்.

"அவ்வளவு பேருதானா?" என்று அவரிடம் கேட்டார் அக்கா.

கண்டக்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, திரும்பி இருட்டைப் பார்த்தார்.

"இல்லம்மா. பின்னால இன்னும் ரெண்டு பேரு வர்றாங்க."